ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் பாடம் வேண்டும்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நமது ஊர்களில் கல்வி உதவிக் கூட்டங்கள் களைகட்டிவிடும். ஜமாஅத் மண்டபத்தில் மேடை போடுகிறோம். அதிக மதிப்பெண் பெற்ற மாணவ மாணவியருக்குப் பரிசு தருகிறோம். ஏழை மாணவனின் கையில் காசோலையைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். நல்ல காரியம். கொடுத்தவர்களுக்கு இறைவன் கூலி தருவான். ஆனால் அந்த மாணவன் கல்லூரிக்குள் நுழைந்த பிறகு என்ன நடக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் ஓரத்தில் ஒரு சிறிய ஜன்னல் இருக்கும். "உதவித்தொகைப் பிரிவு" என்று பலகை தொங்கும். உள்ளே ஓர் எழுத்தர், ஒரு கணினி, கட்டுக்கட்டாக விண்ணப்பங்கள். நாம் மேடையில் கொடுக்கும் ஐயாயிரம் ரூபாயைவிடப் பல மடங்கு பணம், ஆண்டுதோறும் அந்த ஜன்னல் வழியாகத்தான் நம் பிள்ளைகளுக்கு வர வேண்டும். வருகிறதா? வராமல் போனால் ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் பெரும்பாலும் ஓர் இடத்தில் வந்து நிற்போம். அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வேலையை யாரும் கற்றுக்கொடுக்கவே இல்லை!

வணிகப் பெருமக்களே, உங்களிடமே கேட்கிறேன். கடைக்குப் புதிதாக ஒரு பையனைச் சேர்த்தால் முதல் நாளே அவனைக் கல்லாவில் உட்கார வைப்பீர்களா? முதலில் சரக்கு எடுத்துக் கொடுக்கச் சொல்வீர்கள். விலை சொல்லக் கற்றுக்கொடுப்பீர்கள். பில் போடச் சொல்லி அருகில் நின்று பார்ப்பீர்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான் கல்லாச் சாவி அவன் கைக்குப் போகும். ஒரு சாதாரண மளிகைக் கடைக்கே இவ்வளவு முன்யோசனை! நூற்றுக்கணக்கான ஏழைக் குடும்பங்களின் எதிர்காலம் கடந்துபோகும் அந்தக் கல்லூரி ஜன்னலில் மட்டும், நேற்று நூலகத்தில் இருந்தவரை இன்று உட்கார வைத்து, "விண்ணப்பங்களைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிடுகிறோம். இது நியாயமா?

ஒரு பொத்தானில் போகும் ஒரு வருடம்

இந்த வேலையில் அப்படி என்ன நுணுக்கம் என்று சிலர் கேட்கலாம். சில எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்.

மத்திய அரசின் உதவித்தொகைகள் பெரும்பாலும் 2015இல் தொடங்கப்பட்ட தேசிய உதவித்தொகை இணையதளத்தின் வழியாக நடக்கின்றன. மாணவர் விண்ணப்பித்தால் மட்டும் போதாது. அவர் படிக்கும் நிறுவனத்தின் பொறுப்பு அலுவலர் அதைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். அதன் பிறகு மாவட்ட அல்லது மாநில அளவில் இரண்டாவது சரிபார்ப்பு. மாணவர் விண்ணப்பிக்க ஒரு கடைசி நாள். கல்லூரி சரிபார்க்க வேறொரு கடைசி நாள். மாணவர் தன் நாளுக்குள் விண்ணப்பித்தும், கல்லூரி தன் நாளைக் கோட்டை விட்டால் எல்லாம் வீண். அந்த வருடம் போனது போனதுதான்.

விண்ணப்பத்தில் வருமானச் சான்றிதழ் தெளிவாக இல்லை என்று வைத்துக்கொள்வோம். அலுவலர் அதைக் "குறையுள்ளது" என்று குறித்துத் திருப்பி அனுப்பினால் மாணவர் சரிசெய்து மீண்டும் தரலாம். "நிராகரிப்பு" என்று அழுத்திவிட்டால் கதவு மூடிக்கொள்ளும். இரண்டு பொத்தான்களும் ஒரே திரையில்தான் இருக்கின்றன. வித்தியாசம் தெரியாத விரலுக்கு இரண்டும் ஒன்றுதான்!

சிறுபான்மை மாணவர்களுக்குத் தொழிற்கல்வி, தொழில்நுட்பக் கல்விக்காகத் தரப்பட்ட தகுதி மற்றும் வருமான அடிப்படையிலான உதவித்தொகையில், பராமரிப்புத் தொகை விடுதி மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய், வீட்டிலிருந்து வருபவருக்கு 500 ரூபாய் என்று பத்து மாதங்களுக்குக் கணக்கிடப்பட்டது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவனை "வீட்டிலிருந்து வருபவர்" என்று தவறாகக் குறித்தால் அவனுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் நஷ்டம். ஒரு கட்டத்தில் விழுந்த ஒரு குறியின் விலை இது.

அடுத்தது வங்கிக் கணக்கு. "பணம் வரவில்லை" என்று வரும் புகார்களில் ஒரு பெரும்பகுதி இதில் அடங்கும். வங்கிக் கிளையில் ஆதார் நகலைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். அது வேறு, தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பட்டியலில் அந்தக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்படுவது வேறு. ஒருவருக்கு மூன்று வங்கிகளில் கணக்கு இருந்தாலும், அந்தப் பட்டியலில் கடைசியாக எந்த வங்கி ஏறியதோ அங்கேதான் ஆதார் வழியாக வரும் பணம் போகும். தகப்பனார் எப்போதோ எங்கோ தொடங்கிக் கொடுத்து மறந்துபோன கணக்கில் பணம் விழுந்து கிடக்க, பிள்ளையோ புதிய கணக்கின் பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறது. இதை அறிந்த அலுவலர் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடுவார். அறியாதவர் "மேலே இருந்து வரவில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைப்பார்.

"உனக்குக் கிடைக்காது" என்ற ஒரு வார்த்தை

தவறான பொத்தானைவிடக் கொடியது தவறான வார்த்தை. ஜன்னலில் இருப்பவர் "உனக்குக் கிடைக்காதும்மா" என்று சொல்லிவிட்டால் நம் பெண்பிள்ளைகள் மறுபேச்சுப் பேசாமல் திரும்பிவிடுவார்கள். மேல்முறையீடு செய்யவோ, விதியைக் காட்டச் சொல்லவோ அவர்களுக்குத் துணிவு வராது.

தமிழ்நாடு அரசின் புதுமைப்பெண் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியபோது, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. 2024 டிசம்பரில், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. நமது சமுதாயப் பெரியவர்கள் நிறுவிய பெண்கள் பள்ளிகளில் அரசு உதவி பெறுபவை பல உண்டு. அங்கே தமிழ் வழியில் படித்து வந்த மாணவிக்கு இந்த மாற்றம் ஒரு பெரிய வாசல். 2022இல் படித்த சுற்றறிக்கையை மட்டும் மனத்தில் வைத்திருக்கும் எழுத்தர், "நீ அரசுப் பள்ளியில் படிக்கவில்லையே" என்று அவளைத் திருப்பி அனுப்பினால் யார் கேட்பது? மாணவர்களுக்காக 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் இதே கவனம் தேவை.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப் படிப்புக்கு வருபவருக்கு, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்படிப்பு இடம் கிடைத்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2010ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. இதற்கு மதமோ சாதியோ அளவுகோல் இல்லை. ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு இது பொருந்தாது. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும். இந்த வேறுபாட்டைச் சேர்க்கைக்கு முன்பே எடுத்துச் சொல்லும் அலுவலர் ஒரு குடும்பத்தைக் கடனிலிருந்து காப்பாற்றுகிறார்.

கட்டணத்தைத் திருப்பித் தருவதிலும் இதே கதைதான். வேறு கல்லூரியில் இடம் கிடைத்து மாணவர் விலகினால், 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை முழுக் கட்டணத்தையும், அக்டோபர் 31 வரை அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியையும் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு கல்வி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. எத்தனை ஜன்னல்களில் இந்தச் செய்தி ஒட்டப்பட்டிருந்தது?

மற்ற நாடுகளில் இது ஒரு தொழில்

அமெரிக்காவில் 1965இல் உயர்கல்விச் சட்டம் வந்து மத்திய அரசின் மாணவர் உதவி பெருகியது. அடுத்த ஆண்டே, 1966இல், கல்லூரிகளில் நிதியுதவிப் பிரிவில் பணியாற்றுவோர் தங்களுக்கென்று ஒரு தேசிய சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். பயிற்சி வகுப்பு, ஆண்டு மாநாடு, நன்னெறிக் கோட்பாடு, தகுதிச் சான்றிதழ் என்று அந்தப் பணியை ஒரு தொழிலாகவே வளர்த்துவிட்டார்கள். அரசும் சும்மா இருக்கவில்லை. மத்திய உதவியைக் கையாள விரும்பும் நிறுவனம் அதற்குத் தகுதியான ஒருவரைப் பொறுப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. புதிதாகத் திட்டத்தில் சேரும் கல்லூரியில் நிதியுதவி அலுவலர் மட்டுமல்ல, நிறுவனத்தின் தலைமை நிர்வாகியும் குறிப்பிட்ட காலத்துக்குள் பயிற்சி எடுத்தாக வேண்டும். தலைவருக்கும் பாடம்! நமது கல்லூரித் தாளாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அங்கே பயிற்சி பெற்ற அலுவலருக்கு ஓர் அதிகாரமும் உண்டு. ஒரு மாணவரின் தந்தை வேலை இழந்துவிட்டார், இறந்துவிட்டார், பெரும் மருத்துவச் செலவு வந்துவிட்டது என்றால், ஆவணங்களைப் பார்த்துத் தம் பொறுப்பில் அந்த மாணவரின் கணக்கைத் திருத்தி அதிக உதவிக்கு வழி செய்யலாம். படிவத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த அதிகாரத்தைக் கொடுக்க முடியாது. மனிதரையும் விதியையும் சேர்த்துப் பார்க்கக் கற்றவருக்குத்தான் கொடுக்க முடியும்.

அங்கேயும் எல்லாம் ஒழுங்காகப் போய்விடவில்லை. உதவிக்கான விண்ணப்பப் படிவத்தை எளிமையாக்க 2020இல் சட்டம் போட்டார்கள். வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும் விண்ணப்பம், புதிய வடிவில் 2023 டிசம்பர் இறுதியில்தான் திறந்தது. மாணவர்களின் விவரம் கல்லூரிகளுக்கு வந்து சேர 2024 மார்ச் ஆகிவிட்டது. எவ்வளவு உதவி கிடைக்கும் என்று தெரியாமல் மாணவர்கள் எந்தக் கல்லூரியில் சேர்வது என்று தவித்தார்கள். படிவம் மாறும்போது ஜன்னலில் இருப்பவரும் மீண்டும் மாணவராக வேண்டியிருக்கிறது என்பதை அந்த ஆண்டு உலகுக்குக் காட்டியது. நம் நாட்டில் இணையதளமும் நிபந்தனையும் எத்தனை முறை மாறுகின்றன! ஆதார் விரல்ரேகை, ஒருமுறைப் பதிவு, முகச் சரிபார்ப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் முதலில் அடிபடுபவன் ஏழை மாணவன்.

பிரிட்டனில் நிலை வேறு. அங்கே படிப்புச் செலவுக்கு அரசு தரும் கடனுக்கு வட்டி உண்டு. வட்டி கூடாது என்ற காரணத்தால் முஸ்லிம் மாணவர்களில் ஒரு பகுதியினர் அதை வாங்க மறுக்கிறார்கள். வட்டியில்லா மாற்று ஏற்பாட்டுக்கு 2014இல் அரசு கருத்துக் கேட்டது. ஏறத்தாழ 20,000 பேர் பதில் அனுப்பினார்கள். 2017இல் அதற்கு இடமளிக்கும் சட்டமும் நிறைவேறியது. ஆனாலும் 2024 முடியும்வரை ஒரு மாணவர்கூட அந்த வழியில் பணம் பெறவில்லை. இத்தகைய மாணவர் பல்கலைக்கழகப் பண ஆலோசகர் முன் வந்து உட்கார்ந்தால், "கடன் இருக்கும்போது ஏன் வாங்க மாட்டேன் என்கிறாய்?" என்று கேட்பவரும் இருக்கலாம், அவருடைய மனச்சாட்சியை மதித்து, மானியம், கட்டணத் தவணை, நன்கொடை நிதி என்று வேறு வழிகளைத் தேடிக் கொடுப்பவரும் இருக்கலாம். எதிரில் இருப்பவரின் நம்பிக்கையைப் புரிந்துகொள்வதும் பயிற்சியில் ஒரு பாடம்தான்.

அமானிதத்தைக் காக்கும் பாடம்

இன்னொரு கசப்பான உண்மையையும் பேசியாக வேண்டும். சிறுபான்மை உதவித்தொகையில் முறைகேடு நடந்ததாக மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகம் 2023இல் புகார் செய்தது. ஆய்வு செய்யப்பட்ட 1,572 நிறுவனங்களில் 830 போலியானவை அல்லது செயல்படாதவை என்றும், 2017-18 முதல் 2021-22 வரையிலான காலத்தில் 144 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்றும் சொல்லி, அவ்வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. நிறுவனப் பொறுப்பு அலுவலர்களின் பங்கும் விசாரணைக்கு உரியதாயிற்று.

ஏழை மாணவனின் பெயரால் கையெழுத்துப் போட்டு யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள் என்றால், அது அரசுப் பணம் மட்டும் போனது என்று நினைக்காதீர்கள். அந்தச் செய்தி வந்த பிறகு உண்மையான மாணவர்கள்மீதும் சந்தேகப் பார்வை விழுந்தது, சரிபார்ப்பு கடுமையாயிற்று. திருடியவன் ஒருவன், வரிசையில் நின்றவன் வேறொருவன்!

அமெரிக்க விதிகளில் ஓர் எளிய காவல் இருக்கிறது. உதவியை அனுமதிப்பவரும் பணத்தை வழங்குபவரும் ஒரே ஆளாகவோ ஒரே பிரிவாகவோ இருக்கக் கூடாது. நம் வணிகர்களுக்கு இது புதிதா? பில் போடுபவர் ஒருவர், பணம் வாங்குபவர் ஒருவர், சரக்கைச் சரிபார்த்துக் கொடுப்பவர் ஒருவர் என்று நமது ஜவுளிக் கடைகளில் பழகிப்போன முறைதானே! கடையில் கடைப்பிடிப்பதைக் கல்லூரியில் ஏன் கேட்பதில்லை?

திட்டமே நின்றுவிட்ட பிறகு பயிற்சி எதற்கு?

"அரசே உதவித்தொகைகளை வெட்டிக்கொண்டு வருகிறது, எழுத்தரைக் குறை சொல்லி என்ன பயன்?" என்று இளைஞர்கள் கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 சதவீதம், நாட்டின் சராசரி 65.1 சதவீதம் என்று 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து 2006இல் சச்சார் குழு எடுத்துக்காட்டியது. அதன் பிறகுதான் சிறுபான்மை உதவித்தொகைத் திட்டங்கள் வந்தன. 2022இல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான உதவித்தொகை நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையும் நிறுத்தப்பட்டது. இவற்றை எதிர்த்துக் குரல் கொடுப்பது நமது உரிமை, கடமை.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். கிணற்றில் தண்ணீர் வற்றும் காலத்தில் வாளியின் ஓட்டையை அடைக்க வேண்டாமா? திட்டங்கள் குறையக் குறைய, இருக்கும் ஒவ்வொன்றும் உரியவரிடம் முழுதாகப் போய்ச் சேர்வது இன்னும் முக்கியமாகிறது. போராட்டம் டெல்லிக்கும் சென்னைக்கும். பயிற்சி நமது ஊர்க் கல்லூரிக்கு. ஒன்றுக்காக மற்றதை விட வேண்டியதில்லை.

எழுத்தரை நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் இல்லை. குறைந்த சம்பளத்தில், பல இடங்களில் தற்காலிகப் பணியில், ஒற்றை ஆளாய் ஆயிரம் விண்ணப்பங்களோடு மல்லுக்கட்டுபவர் அவர். கல்லூரி ஆசிரியர்களுக்குப் புத்தொளிப் பயிற்சி தர 1986 கல்விக் கொள்கையை ஒட்டி நாடெங்கும் பயிற்சி மையங்கள் உருவாயின. அவை முதன்மையாக ஆசிரியர்களுக்கானவை. உதவித்தொகைப் பிரிவு ஊழியருக்கு அப்படி ஒரு வாசல் திறக்கவில்லை. கற்றுக்கொடுக்காமலே தேர்வு வைக்கிறோம், தோற்றால் திட்டுகிறோம்.

என்ன செய்யலாம்?

வணிகப் பெருமக்களே! திருச்சி ஜமால் முகமது கல்லூரி முதல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி வரை, நமது சமுதாயத்துக் கல்லூரிகளை எழுப்பியவர்கள் தோல் வணிகர்களும் துணி வணிகர்களும் கடல் கடந்து பொருளீட்டியவர்களும்தான். இன்றும் ஆட்சிக் குழுக்களில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். சென்ற ஆண்டு எத்தனை மாணவர்கள் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார்கள்? எத்தனை பேருக்குப் பணம் வந்தது? வராதவர்களுக்கு ஏன் வரவில்லை? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அங்கேதான் பயிற்சி தேவைப்படுகிறது என்று பொருள்.

ஆண்டுதோறும் சேர்க்கை தொடங்குமுன் இரண்டு நாள் பயிற்சி முகாம் நடத்தச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்தே நடத்தலாம்; எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளும் நிற்கும் ஜன்னல்தான் அது, பலன் எல்லோருக்கும் சேரட்டும். மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து விதிகளை விளக்கட்டும். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் கணக்கு இணைப்பைச் செய்து காட்டட்டும். தந்தையின் இறப்புச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் நாலு பேர் கேட்க உரக்கப் படிக்கக் கூடாது என்ற பண்பையும் அங்கேயே சொல்லிக் கொடுக்கட்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் இரண்டாவது ஆள் ஒருவரும் பயிற்சி பெற வேண்டும். கடைசி நாள் நெருங்கும் வாரத்தில் முதல் ஆள் நோய்வாய்ப்பட்டால் நம் பிள்ளைகளின் வருடமும் சேர்ந்து படுத்துவிடக் கூடாது. இதற்கு ஆகும் செலவு ஒரு பரிசளிப்பு விழாவின் பந்தல் செலவுக்கு மேல் போகாது.

இளைஞர்களே! விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் முகாம்களை நீங்கள் நடத்துகிறீர்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். விண்ணப்பித்த ஒவ்வொருவரின் எண்ணையும் குறித்து வைத்து, கல்லூரி சரிபார்த்ததா, குறை என்று திரும்பியதா, பணம் விழுந்ததா என்று கடைசிவரை பின்தொடருங்கள். எங்கே தடைப்பட்டது என்று எழுதி வைத்து ஆண்டு முடிவில் கல்லூரி முதல்வரிடம் மரியாதையாகக் கொடுங்கள். கூச்சலைவிடக் கணக்குக்கு வலிமை அதிகம். வணிகவியல் படித்த தம்பிகளே, தங்கைகளே! இந்தப் பணியையே உங்கள் பணியாக எடுத்துக்கொள்ள முடியுமா என்றும் யோசியுங்கள். விதி தெரிந்த, கணக்குத் தெரிந்த, இன்முகத்தோடு பேசத் தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தால் ஒரு தலைமுறையே அவருக்காக துஆ செய்யும்.

நாம் கட்டடம் கட்டித் தந்திருக்கிறோம். கணினி வாங்கித் தந்திருக்கிறோம். கல்வெட்டில் பெயரும் பொறித்திருக்கிறோம். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கும் மாணவனைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். அந்தப் பக்கம் இருப்பவரைப் பற்றி இனியாவது பேசுவோம். இந்த ஜூன் மாதக் கூட்ட அழைப்பிதழை அச்சிடக் கொடுக்குமுன், நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி கூடுதலாகச் சேர்ப்பீர்களா? "உதவித்தொகைப் பிரிவு ஊழியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி" என்ற அந்த ஒரு வரி!